டக்கர், ஃபுல்லர், வாக்கர்: மூன்றும் ஒரே தொழிலா?

நண்பர்களே, ஒரு சின்ன உதவி வேண்டும். இங்கிலாந்தில் அந்தக் காலத்தில், தறியிலிருந்து இறக்கிய கம்பளித் துணியைத் தொட்டியில் போட்டுக் காலால் மிதித்து இறுக்குவார்கள். தண்ணீரில் பழைய மூத்திரமும் கலப்பார்களாம், நாற்றத்தை நினைத்துப் பாருங்கள்! அந்த வேலை செய்தவரைத் தென்மேற்கில் டக்கர், தென்கிழக்கில் ஃபுல்லர், வடக்கில் வாக்கர் என்றார்கள். அதுவே குடும்பப் பெயராக நின்றுவிட்டது.

சரி, என் சந்தேகம் இதுதான். 1379-இல், வடக்கே உள்ள யார்க்‌ஷயர் தலைவரிப் பட்டியலில் (ஆள்வாரியாக வரி கட்டியவர்களின் பெயர்ப் பட்டியல்) ஒருவர் பெயருக்குப் பின்னால் வாக்கர் என்று இருந்தால், அது அவர் செய்த தொழிலா, அப்பா வழியில் வந்த பெயரா? எதை வைத்துப் பிரிப்பது? ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைக் குறித்த தேவாலயப் பதிவேடுகள் 1538-இல்தான் தொடங்குகின்றன, அதனால் அவை உதவாது. இந்தப் பட்டியல்களைப் படித்துப் பழகியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்களேன்.