பென்சாயிக் ஆசிட் 122 டிகிரி செல்சியஸ்ல உருகணும், எனக்கு 113லயே கசியுது, என்ன தப்பு?

உடைஞ்சபீக்கர்:
2 கிராம் பென்சாயிக் ஆசிட்ட 60 மில்லி கொதிக்கிற தண்ணில கரைச்சு, சூடா வடிகட்டி ஆற வச்சேன், ஊசி ஊசியா பளபளன்னு வந்துச்சு, சந்தோஷத்துல ஃபில்டர் பேப்பர் நடுவுல ரெண்டு அமுக்கு அமுக்கிட்டு அரை மணி நேரத்துல உருகுநிலை பாக்குற கேப்பிலரில (மெல்லிசான கண்ணாடிக் குழாய்) போட்டுட்டேன். 113ல ஆரம்பிச்சு 119ல தான் முழுசா உருகுது. எடை 2.3 கிராம். திரும்ப ரீகிரிஸ்டலைஸ் பண்ணணுமா, அதாவது மறுபடி கரைச்சு படிகமாக்கணுமா?

பழையசோதனைக்குழாய்:
தம்பி, 2 கிராம் போட்டு 2.3 எடுத்திருக்கீங்க, அந்த 0.3 எங்கருந்து முளைச்சுது? தண்ணி தான். ரூம் டெம்பரேச்சர்ல 100 மில்லி தண்ணில 0.34 கிராம் கிட்ட கரைஞ்சே நிக்கும், அப்ப உங்க 60 மில்லியோட 0.2 கிராம் போயிருக்கும், 1.8 தாண்டவே கூடாது. உருகின திரவத்துல கரையுற எதுவுமே உருகுநிலைய இறக்கும், ரேஞ்சையும் அகலமாக்கும், அது சால்வென்ட்டா (கரைப்பான், இங்க தண்ணி) இருந்தாலும் சரி. ஃபில்டர் பேப்பர் நார் மாதிரி கரையாத குப்பை விழுந்தா உருகுநிலை பெருசா மாறாது. கேப்பிலரி மேல்பக்கம் குட்டி குட்டியா துளி நின்னுச்சா?

கரிப்புகை:
முதல்ல காய வைங்க, அப்புறமும் ரேஞ்ச் அகலமா இருந்தா தான் அழுக்குன்னு சொல்லணும். அடுப்புல 100 டிகிரி கிட்ட மட்டும் வச்சிடாதீங்க, பென்சாயிக் ஆசிட் பதங்கமாகி (உருகாமலே ஆவியாகி) பறந்துடும், நான் ஒருதடவ வாட்ச் கிளாஸ் (குழிவான கண்ணாடித் தட்டு) காலியா இருந்து முழிச்சிருக்கேன். டெசிகேட்டர்ல (ஈரத்த உறிஞ்சுற மூடின கண்ணாடி ஜாடி) ராத்திரி பூரா வச்சு, ரெண்டு தடவ நிறுத்து எடை மாறலன்னா காஞ்சிருச்சு. உருகுநிலை கிட்ட வரப்ப நிமிஷத்துக்கு 1, 2 டிகிரிக்கு மேல ஏத்தாதீங்க.

பழையசோதனைக்குழாய்:
இன்னொண்ணு, டக்குன்னு உருகினாலே சுத்தம்னு நம்பிடக் கூடாது, யூடெக்டிக் விகிதத்துல (ரெண்டு பொருள் சேர்ந்து ரொம்ப கீழான வெப்பநிலைல உருகுற அளவு) கலந்த கலவையும் அப்படித்தான் உருகும். யூரியாவும் சின்னமிக் ஆசிட்டும் தனித்தனியா 133 கிட்ட உருகும், கலந்தா எவ்வளவோ கீழ போயிடும். அதனால சுத்தமான பென்சாயிக் ஆசிட் சாம்பிள் கொஞ்சம் சேர்த்து மிக்ஸ்ட் மெல்டிங் பாயின்ட்டும் (கலவையோட உருகுநிலை) பாத்துடுங்க, இறங்கலன்னா ரெண்டும் ஒண்ணு தான்.

உடைஞ்சபீக்கர்:
துளி இருந்துச்சுண்ணா, கண்ணாடி அழுக்குன்னு நெனச்சு தொடச்சு தொடச்சு பாத்தேன், உள்பக்கம் இருக்கு! டெசிகேட்டர்ல வச்சு இன்னிக்கு பாத்தா 121–122. பாட்டில்ல இருந்த சுத்தமான சாம்பிளோட கலந்தும் அதே தான். எடை 1.7 கிராம். ரெக்கார்டுல விளைச்சல் 115 சதவீதம்னு எழுதினத இப்ப அடிக்கணும்.