ஹோம்ஸ்டேயில் கண்ணாடி உடைந்தது: டெபாசிட் முழுவதையும் பிடிக்கலாமா?

மலைக்காற்று:
கொடைக்கானலில் ஒரு ஹோம்ஸ்டேயில் இரண்டு குடும்பமாகத் தங்கினோம். அடுப்பிலிருந்து இறக்கிய பால் பாத்திரத்தைச் சித்தி அப்படியே டீப்பாய் கண்ணாடி மேல் வைத்துவிட்டார். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை விரிசல். கண்ணாடிக்குப் பணம் தருகிறோம் என்று நாங்களே சொன்னோம். ஆனால் உரிமையாளர், டீப்பாயே புதிதாக வாங்க வேண்டும் என்று 10,000 ரூபாய் டெபாசிட்டையும் பிடித்துக்கொண்டார். பில் கேட்டால், 'புக்கிங் விதியிலேயே போட்டிருக்கிறது' என்கிறார். இது நியாயமா?

ஏரிச்சாலை வீடு:
நானும் அங்கே வீடு விடுகிறவன்தான். உடைத்தவர் கட்டுவதுதான் முறை. அந்த அளவுக்குக் கண்ணாடி வெட்டி வத்தலக்குண்டிலிருந்து ஏற்றிவந்தால் வண்டிக்கூலி என்ன ஆகும்? அடுத்த குடும்பம் மதியமே வந்து நிற்கும். விரிசல் கண்ணாடிப் பக்கத்தில் குழந்தைகளை விட முடியுமா? இதற்காகத்தானே டெபாசிட் வாங்குகிறோம்?

கோர்ட்டுப் பக்கம்:
வாங்குங்கள், ஆனால் அது அபராதம் இல்லை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 74ஆவது பிரிவைப் பாருங்கள். ஒப்பந்தத்தில் ஒரு தொகை எழுதியிருந்தால் அது உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். நஷ்டமே இல்லாதபோது முன்பணத்தைப் பிடித்துவைக்க முடியாது என்று 2015இல் கைலாஷ் நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இங்கே நஷ்டம் உண்டு, சரி. ஆனால் அது கண்ணாடியோடு நிற்கிறது. மரச்சட்டத்துக்கு என்ன ஆனது? பழைய டீப்பாய் என்றால் தேய்மானமும் கழிய வேண்டும். தங்கும் வீடு புக் செய்யும் ஏர்பிஎன்பி தளத்தில்கூட செக் அவுட் ஆன 14 நாளுக்குள் ஆதாரத்தோடுதான் உரிமையாளர் பணம் கேட்க முடியும்.

இழைப்புளி:
டஃபண்ட் கிளாஸ், அதாவது சூடேற்றி வலுவாக்கிய கண்ணாடி, உடைந்தால் பொடிப்பொடியாகக் கொட்டும். இப்படி நீள விரிசல் விழாது. ஆக, போட்டிருந்தது சாதாக் கண்ணாடி. கொடைக்கானல் குளிரில் சில்லிட்டுக் கிடக்கும் சாதாக் கண்ணாடியில் சூடான பாத்திரம் பட்டால் விரியத்தான் செய்யும். சமைக்க அடுப்பைக் கொடுத்துவிட்டு ஹாலில் சாதாக் கண்ணாடியைப் போட்டவருக்கும் பங்கு உண்டு.

ஏரிச்சாலை வீடு:
இது என்ன கதை? தன் வீட்டு டீப்பாயில் கொதிக்கிற பாத்திரத்தை யாராவது வைப்பார்களா? விரிசலால் ஒரு புக்கிங் ரத்தானால் அதை யார் தருவார்?

கோர்ட்டுப் பக்கம்:
ரத்தானதைக் காட்டினால் பேசலாம். டீப்பாயைத் தூக்கி ஓர் அறையில் வைத்துப் பூட்டியிருந்தால் அந்த நஷ்டம் வந்திருக்குமா என்றும் கேட்பார்கள். நஷ்டத்தைக் குறைக்க என்ன வழி இருந்தது என்பதையும் 73ஆவது பிரிவு பார்க்கச் சொல்கிறது.

மலைக்காற்று:
அப்போ வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்கிறேன்: கண்ணாடிக்கும் வண்டிக்கும் பில் அனுப்புங்கள், அது போக மீதியைத் திருப்புங்கள் என்று. மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915.

ஏரிச்சாலை வீடு:
பில் கேளுங்கள், தப்பில்லை. தேய்மானக் கணக்கை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பழைய கண்ணாடியைப் பாதி விலைக்கு எந்தக் கடையில் வெட்டித் தருகிறார்கள்?