கோபெக்லி தெபேயை மூடியது யார்?

கல்தச்சன்: துருக்கியின் கோபெக்லி தெபே என்ற கற்காலத் தொல்லிடத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்கியதிலிருந்து எனக்குத் தூக்கமே போய்விட்டது. கி.மு. 9500 அளவில், பானை வனையவும் அறியாதவர்கள், ஐந்தரை மீட்டர் உயரச் சுண்ணாம்புக்கல் தூண்களை நட்டு நரியும் பாம்பும் செதுக்கியிருக்கிறார்கள். அவ்வளவு பாடுபட்டுக் கட்டியதை ஏன் மண் போட்டு மூடினார்கள்? வேற்றுக்கிரகவாசிக் கதைகளோடு யாரும் வர வேண்டாம்.

மண்வெட்டி: வேண்டுமென்றே புதைத்தார்கள் என்பது, 1995 முதல் அங்கே அகழ்ந்த கிளாஸ் ஷ்மிட்டின் கருத்து. இப்போதைய ஆய்வாளர்கள் அதை அப்படியே ஏற்பதில்லை. சரிவின் மேலிருந்து விழுந்த இடிபாடுகளே வட்டக் கட்டடங்களை நிரப்பியிருக்கலாம். சுவர்களைப் பழுதுபார்த்த தடயமும் உண்டு. மூடப்போகிறவர்கள் எதற்குப் பழுதுபார்க்க வேண்டும்?

கல்தச்சன்: அந்த மண்ணில் குவிந்திருந்த மான் எலும்புகள்? விருந்து முடித்து மூடினார்கள் என்றல்லவா படித்தேன்!

பழங்கணக்கு: மேலே குடியிருந்தவர்களின் குப்பையும் சேர்ந்தே சரிந்திருக்கும். வீடுகளும் ஆயிரக்கணக்கான அரைகற்களும் கிடைத்த பிறகு, யாரும் குடியிருக்காத கோயில் என்ற பழைய எண்ணம் ஆட்டம் கண்டுவிட்டது. என்னை உறுத்துவது வேறு. அருகிலுள்ள பாறையில் ஏறக்குறைய 7 மீட்டர் தூண் ஒன்று பாதி வெட்டியபடி கிடக்கிறது. விரிசல் கண்டதால் கைவிட்டார்களா, ஆள் போதவில்லையா? இதற்கு யாராவது பதில் சொல்லுங்கள்.