எண்ணெய் குடிக்கிற பிக் பாய், பாதுகாக்கப்பட்ட இன்ஜினா?

கரிப்புகை:
"உலகத்திலேயே பழைய நீராவி இன்ஜினை உண்மையாப் பாதுகாத்ததுன்னா அது 4014தான்"னு நேத்து ஒருத்தர் எழுதியிருந்தார். உண்மையாம்! 4014ங்கிறது அமெரிக்காவோட யூனியன் பசிபிக் ரயில் கம்பெனியின் 'பிக் பாய்' ரக ராட்சத நீராவி இன்ஜின்கள்ல ஒண்ணு. 1941ல கரி இன்ஜினாப் பிறந்தது. 2019ல ஓட விடும்போது டெண்டர்ல (இன்ஜினுக்குப் பின்னால எரிபொருளும் தண்ணியும் சுமக்குற வண்டி) கரி இருந்த இடத்துல எண்ணெய்த் தொட்டி. இதுல எது உண்மை?

தண்டவாளம்:
அந்த ஒருத்தர் நான்தான், பேரைச் சொல்லியே திட்டலாம். கலிபோர்னியாவில பொமோனாங்கிற ஊர்ல அம்பது வருஷம் வெயில்ல நின்னதை யூனியன் பசிபிக் 2013ல திரும்ப வாங்கி, வயோமிங் மாநிலத்து ஷையான்ல அக்குவேறு ஆணிவேறா பிரிச்சு மாட்டினாங்க. மிச்சமுள்ள ஏழு பிக் பாயும் நின்ன இடத்திலேயே நிக்குது. அதைப் போய்க் கும்பிடுங்க.

கரிப்புகை:
எண்ணெய்க்குப் பதில் வரலையே? 1946ல இதே கம்பெனி இன்னொரு பிக் பாய் 4005ஐ எண்ணெய்க்கு மாத்திச்சு. சூடு சீராப் பரவலை. 1948ல மறுபடி கரி. பிக் பாய்க்கு எண்ணெய் சேராது.

தண்டவாளம்:
கண்ணு முன்னாடி ஓடுறதைப் பார்த்துக்கிட்டே சேராதுன்னு சொல்ல உங்களாலதான் முடியும்.

மலைப்பாதை:
கலிபோர்னியாவோட சியரா நெவாடா மலைச் சுரங்கத்திலயும், பனி மூடாம இருக்கத் தண்டவாளத்து மேல போட்ட கூரைக்குள்ளயும் புகை தாங்காம, சதர்ன் பசிபிக் ரயில் கம்பெனி டிரைவர் கேபினையே இன்ஜினுக்கு முன்னால வெச்சாங்க. டெண்டர் கேபினுக்கு மறுகோடியில போயிடுச்சு, கரியை எப்படி அள்ளிப் போடுறது? எண்ணெயைக் குழாய்ல விட்டாங்க. அந்த ரகத்துல 4294 இன்னும் சாக்ரமென்டோல இருக்கு. அதுவும் போலியா?

கரிப்புகை:
அது எண்ணெயிலயே பிறந்தது. நான் கேட்டது கரியில பிறந்ததை. படிச்சுட்டு எழுதுங்க.

மலைப்பாதை:
படிச்சுட்டுத்தான் சார் எழுதுறேன். 2018ல கொலராடோவில 54,000 ஏக்கர் எரிஞ்சது. டுராங்கோ சில்வர்டன்ங்கிற சுற்றுலா நீராவி ரயிலோட கரித் தணல்தான் காரணம்னு விசாரணை சொல்லுச்சு, 2 கோடி டாலர்ல சமரசம். அதுக்கப்புறம் அவங்களே இன்ஜின்களை எண்ணெய்க்கு மாத்தினாங்க.

கரிப்புகை:
தாராளமா மாத்தட்டும். பலகையில 'பாதுகாக்கப்பட்டது'ன்னு எழுதாதீங்க, 'எண்ணெய் இன்ஜின்'னு எழுதுங்க.

சாவகாசம்:
கரி, எண்ணெய், கரி, எண்ணெய்... இந்த ரயில்கள் என்ன சாதிச்சதுன்னு யாராவது பேசுங்கப்பா. 1883 நவம்பர் 18ல ஊருக்கு ஒரு நேரம்னு இருந்ததை மாத்தி, அமெரிக்கா முழுக்க கடிகாரத்தைப் பொது நேர மண்டலங்களுக்குத் திருப்பி வெச்சது ரயில் கம்பெனிகள்தான். அரசாங்கம் சட்டம் போட்டது 1918ல! 1869ல அமெரிக்காவோட கிழக்கு-மேற்கு ரயில் பாதை இணைஞ்ச பிரமன்டரியில நேருக்கு நேர் நின்ன ஜூபிடர், 119ங்கிற ரெண்டு இன்ஜின்களையும் காயலான் கடைக்குப் போட்டாங்க. 1979ல நகல் செஞ்சு அதே இடத்துல வெச்சாங்க.

கரிப்புகை:
எடுத்துக் கொடுத்ததுக்கு நன்றி. ஜூபிடர் விறகு இன்ஜின். நகல்லயும் விறகுதான் போடுறாங்க. நகலுக்கு இருக்கிற நேர்மைகூட உங்க 4014க்கு இல்லை.

தண்டவாளம்:
ஆக நகல் உண்மை, அசல் பொய்! முன்னாடி இங்க நடந்த டீசல் ஹார்ன் சண்டையிலயும் இப்படித்தான் நாலு பக்கம் இழுத்தீங்க.

கரிப்புகை:
அங்கயும் நான் சொன்னதுதான் சரி.

மலைப்பாதை:
அங்க யாரும் அப்படிச் சொல்லலை. நீங்களேதான் சொல்லிக்கிட்டீங்க.

சாவகாசம்:
அந்தப் பாதையோட மேற்குப் பகுதியான சென்ட்ரல் பசிபிக் பாதையைப் போட்டதுல பெரும்பாலும் சீனத் தொழிலாளிங்க. அதைப் பத்தி...

கரிப்புகை:
தனி இழை தொடங்குங்க. இங்க கேள்வி ஒண்ணே ஒண்ணு: டெண்டர்ல கரியா, எண்ணெயா?

தண்டவாளம்:
தண்ணியும் இருக்கு. அதையும் ஒரு பக்கம் திட்டிடுங்க.