அங்கிட்டும் அக்கட்டயும்: மதுரை, கோவை அனுபவங்கள்

(நாலு பேர் ஊர்ப்பெயரில் மாறி மாறி எழுதியது. செல்லூர், பொதும்பு மதுரைப் பக்கம்; வடவள்ளி, உக்கடம் கோவை.)

செல்லூர்க்காரன்:

மதுரைக்காரன் என்று சொன்னதும் கோயம்புத்தூரில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "பையில அருவா இருக்குங்களா தம்பி?" 2008-இல், கணபதியில் ஒரு பவுண்டரியில் (வார்ப்படப் பட்டறை) வேலைக்குச் சேர்ந்த அன்று. கேட்டவர் ஃபோர்மேன். முகத்தில் சிரிப்பே இல்லை. பையில் இருந்தது அம்மா கட்டிக் கொடுத்த புளிசாதமும் நாலு சட்டையும்தான். திறந்தே காட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டு, "சோத்துக்குள்ள வெச்சுக் கட்டிருப்பாங்க, பாத்துச் சாப்பிடுங்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் பம்பு கேசிங் ஒன்று என் கையிலிருந்து நழுவி விழுந்து விளிம்பு உடைந்தது. நம்ம ஊராக இருந்தால் "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று மேஸ்திரி கத்துவார், நாமும் பதிலுக்கு ஏதாவது முனகுவோம், டீ குடிக்கப் போகும்போது தோளில் கை போட்டுக்கொண்டு போவோம். இவர் பக்கத்தில் வந்து குனிந்து தரையைத் தடவினார். "பரவால்லீங் தம்பி. பூமிக்கு ஒண்ணும் அடி படலீங்களே?" அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அந்த மனிதரிடம்தான் தொழில் கற்றேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர் தாத்தா மில்லில் பிட்டராம். ஸ்டேன்ஸ் மில் 1888-இல் வந்தது, 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபிறகு மில்கள் பெருகின, மில் இயந்திரம் பழுதுபார்த்தவர்கள் தனியாக லேத் போட்டார்கள், பவுண்டரி வைத்தார்கள், மோட்டார் பம்பு செய்தார்கள் என்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் பாடமே எடுப்பார். என் தாத்தாவும் மதுரை ஹார்வி மில் ஆள்தான் என்று ஒருநாள் சொன்னேன். "அப்புறம் ஏனுங் லேத் போடாம உட்டுட்டீங்?" என்றார். இன்றுவரை அதற்கு என்னிடம் பதில் இல்லை. என் தாத்தா சம்பளத்தை வாங்கி வீட்டைக் கட்டினார், அத்தோடு சரி.

பிறகு என்னை வசூலுக்குப் போட்டார்கள். கோவைக்கும் மதுரைக்கும் மாதம் இரண்டு நடை. மதுரை முரடு, கோவை மரியாதை என்று இரண்டு ஊரும் எடுத்திருக்கிற பெயர் எவ்வளவு தூரம் உண்மை என்று பார்க்க இதைவிட நல்ல வேலை கிடையாது. பணம் கேட்கப் போகும்போதுதான் மனிதனின் சுயரூபம் தெரியும்.

கோவையில் ஒரு டீலர். போனால் எழுந்து நிற்பார், நாற்காலியை அவரே துடைப்பார், காபி வரும். "அடுத்த வாரம் போட்றலாமுங்." அடுத்த வாரமும் நாற்காலி, காபி, "போட்றலாமுங்." நாலு மாதம். ஒருநாள்கூட முகம் சுளிக்கவில்லை, ஒரு ரூபாயும் வரவில்லை. இப்படிப்பட்டவரிடம் எப்படிச் சண்டை போடுவது? சண்டைக்கு ஒரு கொக்கியாவது வேண்டாமா?

மதுரையில் சிம்மக்கல் பக்கம் ஒரு கடை. கடைக்காரர் பில்லைப் பார்த்ததுமே எகிறினார். "போன லோடுல ரெண்டு மோட்டார் புகையுது, என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டு காசு கேக்க வர்ற?" தெருவே திரும்பிப் பார்த்தது. எனக்கும் சூடு ஏறி நானும் கத்தினேன். இரவு பதினொரு மணிக்கு போன். "ஏப்பா, சாப்ட்டியா? இங்கிட்டு வா." கடை வாசலில் கறி தோசை வாங்கிக் கொடுத்தார், அந்தப் புகைந்த இரண்டு மோட்டாருக்கு மட்டும் கழித்துக்கொண்டு மீதியை எண்ணிக் கொடுத்தார்.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் நான் ஊர்ப்பாசத்தில் புளுகுவதாக ஆகிவிடும். அதே மதுரையில் இன்னொருவர் "மாப்ள, நீ நம்ம பய" என்று கட்டிப்பிடித்தே முப்பதாயிரத்தை முழுங்கினார். கோவையில் சிங்காநல்லூர் பக்கம் ஒரு பெரியவர், நான் கேட்காமலே, தேதி தவறாமல், கவரில் போட்டு மேலே என் பெயரையும் எழுதி வைத்திருப்பார்.

வீடு தேடியதுதான் மனதில் தங்கிவிட்டது. கல்யாணம் ஆன புதிது. நாலு வீடு பார்த்தோம். ஒரு வீட்டில் அந்த அம்மா உட்காரவைத்து மோர் கொடுத்து, கறிவேப்பிலை தட்டிப் போட்டு, "எந்த ஊருங்க? மதுரையில எந்தப் பக்கமுங்க? உங்க குலதெய்வம் எங்கீங்க?" என்று விசாரித்தார். ஒவ்வொரு கேள்வியும் ஒரு ஜல்லடை. "வீட்டுக்காரருகிட்ட கேட்டுட்டுச் சொல்லி அனுப்பறனுங்." யாரும் சொல்லி அனுப்பவில்லை. நாலு வீட்டிலும் மோர் நன்றாக இருந்தது.

வடவள்ளி அம்மணி:

அண்ணா, மோர்க் கதை நிஜம். எங்க ஊரை நான் காப்பாற்ற வரவில்லை. ஆனால் எங்களுக்கு மதுரையில் வீடு கிடைத்த கதையையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஹவுஸ் ஓனர் கேட்டைத் திறப்பதற்கு முன்பே, "நீங்க என்ன ஆளுக?" என்றார். சொன்னோம். "அப்ப சரிப்பட்டு வராது." கேட் மூடிவிட்டது. மொத்தம் அரை நிமிடம். உங்களுக்கு மோராவது மிச்சம், எங்களுக்கு நேரம் மிச்சம்.

நான் நர்ஸ். 2015-இல் மதுரையில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்தேன். ஊரில் எல்லாரும் பயமுறுத்தித்தான் அனுப்பினார்கள். அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, நான் பஸ் ஏறும் வரைக்கும், "கண்ணு, வேண்டாஞ்சாமி, அங்கெல்லாம் வெட்டிப் போட்ருவாங்க" என்றபடி இருந்தார். அவர் மதுரையைப் பார்த்தது முழுக்க சினிமாவில்தான்.

செகண்ட் ஷிப்ட் முடிய இரவு பத்தரை, பதினொன்று ஆகும். முதல் வாரம். ஆஸ்டலுக்குப் போகும் வழியில் தள்ளுவண்டியில் ஓர் ஆச்சி இட்லி ஊற்றிக்கொண்டிருந்தார். துணி போட்ட தட்டு, இட்லியை எடுக்கும்போது ஆவியில் அவர் முகமே தெரியாது. இலையில் நாலு விதச் சட்னி, கேட்காமலே. நான் தயங்கி நின்றதைப் பார்த்து, "ஏ புள்ள, எங்கிட்டுப் போற? இங்கன உக்காந்து தின்னுட்டுப் போ" என்றார். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் என் அப்பாவே என்னை "வாங்க அம்மணி, போங்க அம்மணி" என்றுதான் கூப்பிடுவார். முன்பின் தெரியாதவர் "போற", "தின்னு" என்கிறாரே என்று உட்காராமல் பார்சல் கேட்டேன். பார்சலைக் கட்டிக்கொண்டே பக்கத்தில் சைக்கிளில் சாய்ந்து நின்ற பேரனிடம், "டேய், இந்தப் புள்ளைய ஆஸ்டல் முக்கு வரைக்கும் விட்டுட்டு வாடா" என்றார். அந்தப் பையன் பத்தடி தள்ளி, சைக்கிளை உருட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் வந்தான். மூன்று வருடம் அந்த வண்டிதான் எனக்குக் காவல். அதே நேரத்துக்கு கோவையில் எங்கள் வடவள்ளி ரோட்டில் இறங்கினால் தெருநாயைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். தூங்கா நகரம் என்பது ஏதோ சுற்றுலாப் பேச்சு என்று நினைத்திருந்தேன்.

ஆனால் தூங்காத கண்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. நான் எத்தனை மணிக்கு வந்தேன், எந்த டாக்டர் காரில் கொண்டுவந்து விட்டார், அன்றைக்கு என்ன கலர் சுடிதார் எல்லாமே தெருவுக்குத் தெரியும். "யாரு அது, காருல?" என்று ஆச்சியே கேட்டார். கோவையில் எங்கள் அபார்ட்மென்டில் எதிர்வீட்டுக்காரர் இறந்துபோனது எங்களுக்கு மறுநாள்தான் தெரியும். எது மேல் என்று என்னிடம் கேட்காதீர்கள், வேலையிலிருந்து களைத்து வரும்போது ஒன்று, காதலிக்கும்போது இன்னொன்று.

உக்கடம்:

படித்துக்கொண்டே வந்தேன். கோவை "சாந்தமான ஊர்" என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்குத் தொண்டையில் ஏதோ அடைக்கும். 1997 நவம்பர் இந்து-முஸ்லிம் கலவரத்தின்போது எனக்குப் பதினாலு வயது. அப்பா வைத்திருந்த துணிக்கடை அதோடு போனது. அடுத்த மூன்றாவது மாதம், 1998 பிப்ரவரி 14, தொடர் குண்டுவெடிப்பு. 58 பேர். ஆர்.எஸ்.புரம் பக்கம் டியூஷனுக்குப் போயிருந்த அண்ணன் இரவு வரை வீடு வரவில்லை. அம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார். அண்ணன் வந்துவிட்டான், அது வேறு. இரண்டு பக்கமும் வராதவர்கள் இருந்தார்கள்.

எல்லாருமே மரியாதையாகப் பேசுகிற ஊர்தான் அது. அதற்குப் பிறகு எங்கள் தெருப் பையன்கள் வேலை கேட்டுப் போனால் விலாசத்தைப் பார்த்ததும், "சொல்லி அனுப்பறோமுங்." செல்லூர் அண்ணனுக்கு அந்த வாக்கியம் புரியும்.

மதுரையில் அப்படி ஒரு நாள் நடந்திருந்தால் எத்தனை படம் எடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

பொதும்பு:

சரி, கொஞ்சம் லேசாகப் பேசுவோம். இரண்டாவது பெரிய ஊர் யார் என்ற பஞ்சாயத்து எங்கள் ஆபீசில் தினமும் நடக்கும். கோவைக்காரர் 2011 கணக்கெடுப்பை எடுப்பார்: புறநகரோடு சேர்த்து அவர்களுக்கு 21 லட்சம், எங்களுக்கு 14 லட்சம் சொச்சம். நான் விடுவேனா? மதுரை மாநகராட்சி ஆனது 1971, நீங்கள் பத்து வருடம் கழித்து 1981. உயர்நீதிமன்றக் கிளை 2004-இல் எங்களுக்குத்தான் வந்தது. அவர் சிறுவாணியை எடுப்பார். உலகத்திலேயே ருசியில் இரண்டாவது தண்ணியாம். முதலாவது எது என்று இத்தனை வருடமாகக் கேட்கிறேன், ஒரு கோவைக்காரரும் சொன்னதில்லை. வைகையைப் பற்றி அவர் திருப்பிக் கேட்டால் நான் டீ குடிக்கப் போய்விடுவேன்.

2025 நவம்பரில் இரண்டு ஊர் மெட்ரோ ரயில் திட்டத்தையும் மத்திய அரசு சேர்த்தே திருப்பி அனுப்பியது, மாநகராட்சி எல்லைக்குள் 20 லட்சம் மக்கள்தொகை இல்லை என்று. அன்று ஒருநாள் மட்டும் இருவரும் ஒரே பக்கம் நின்று திட்டினோம். அவர் திட்டியதுகூட "ங்க" போட்டுத்தான்.

செல்லூர்க்காரன்:

உக்கடம் தம்பி, அந்த வாக்கியம் எனக்குப் புரியும். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அம்மணி சொன்ன ஆச்சியைப் போல ஓர் ஆள் எனக்கு கோவையில் இருந்தார், அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்த ஃபோர்மேன்தான். ஐந்தாவதாகப் பார்த்த வீடு அவருடைய தங்கை வீடு. "பையன் நம்ம பட்டறைல இருக்கறவன், நான் பொறுப்பு" என்று சொல்லி வாங்கிக் கொடுத்தார். அப்போதும் என்னிடம், "அருவாள மட்டும் வாசல்லயே வெச்சுட்டு உள்ள போங்" என்றார். பிரசவத்துக்கு என் மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அவர் ஆம்னி வேனில். பெண் பிறந்தபோது கொள்ளு ரசமும் அரிசிம்பருப்புச் சோறும் பதினைந்து நாள் அவர் வீட்டிலிருந்து வந்தது. தூக்குவாளி கழுவாமல் திரும்பிப் போனால் மட்டும் அவர் வீட்டு அக்காவுக்குக் கோபம் வரும். "கழுவறதுக்குத் தண்ணி இல்லீங்களா?"

2020-இல் லாக்டவுனோடு ஊர் திரும்பிவிட்டோம். ஆரப்பாளையத்தில் கோவை பஸ்ஸைப் பார்த்தால் இன்னமும் கால் தானாக நிற்கிறது. இரவு பஸ்ஸில் தூங்கி விழித்தால் எந்த ஊர் தாண்டியிருக்கிறது என்று ஜன்னலில் பார்க்க வேண்டியதில்லை. கீழே டீ விற்பவர் "அங்கிட்டு நில்லுங்க" என்றால் இன்னும் ஒட்டன்சத்திரம் தாண்டவில்லை. "அக்கட்ட நில்லுங்" என்றால் தாராபுரம் வந்தாயிற்று, இனி பல்லடம்தான்.

என் பெண் பிறந்து வளர்ந்தது கணபதியில். செல்லூர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த முதல் மாதம் அவள் பேச்சைக் கேட்டு வகுப்பே சிரித்தது. "ஏனுங் மிஸ்" என்று கூப்பிட்டிருக்கிறாள். என் அம்மாவுக்கு மட்டும் ஒரே பெருமை. பேத்தி "அப்பத்தா, சாப்பிட வாங்க" என்று கூப்பிடுவதைக் கேட்பதற்கென்றே பக்கத்து வீட்டுக்காரியை உட்காரவைத்துக்கொள்வார்.

போன வாரம் தெருவில் ஒரே சத்தம். பந்து சாக்கடையில் விழுந்ததற்கு யார் காரணம் என்று சண்டை. எதிர்வீட்டுப் பையன், இவளைவிட இரண்டு வயது பெரியவன், "ஏய், உன்னத் தூக்கி அங்கிட்டு எறிஞ்சுருவேன்" என்று எகிறிக்கொண்டு வந்தான். இவள் கையில் ஒரு செங்கல் துண்டு. இடுப்பில் இன்னொரு கையை வைத்துக்கொண்டு சொன்னாள்:

"இன்னும் ஒரு எட்டு வந்தீங்கன்னா மண்டைய ஒடச்சுப் போடுவனுங்."