புதுப்பிப்பு: மழைக்காலத்துக்குப் பையில் என்ன வைத்துக்கொள்வது?

சென்னையில் வெள்ளம் வந்தால் கைகொடுக்கிற மாதிரி, தினமும் பையில் அடங்கும் பொருள்கள் எவை என்று இந்த இழையில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன்.

டார்ச்சில்தான் அதிக நேரம் போனது. சார்ஜ் செய்யும் வகையை விட்டுவிட்டு, ஒற்றை பென் டார்ச் செல் போடும் சின்ன டார்ச்சை எடுத்தேன். கரண்ட் போனாலும் பெட்டிக்கடையில் செல் கிடைக்கும். பையில் இருக்கும்போது செல்லைக் கழற்றித் தனியே வைத்தால், பட்டன் தெரியாமல் அழுந்தினாலும் எரியாது. அருமையான யோசனை, சொன்னவருக்குத் தனி நன்றி.

அடுத்தது பணம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பல பகுதிகளில் மின்சாரமும் இல்லை, சிக்னலும் இல்லை. ஜிபே எதற்கும் உதவாது. அதனால் பத்து, ஐம்பது, நூறு ரூபாய்த் தாள்களை ஜிப் கவரில் வைத்திருக்கிறேன். கூடவே பென்சிலில் எழுதிய சீட்டு ஒன்று: வீட்டார் எண்கள், ரத்த வகை, 112, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077. பென்சில் எழுத்து நனைந்தாலும் கரையாது.

விசில் வாங்குபவர்கள் உள்ளே உருண்டை இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள், நனைந்தாலும் ஊதும். மூன்று முறை விட்டுவிட்டு ஊதினால் உதவி கேட்கிறோம் என்று பொருள். வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

அப்புறம், மடக்குக் கத்தி வேண்டாம் என்று விட்டுவிட்டேன். விமானத்தில் கைப்பையில் அதைக் கொண்டுபோக முடியாது.