ஆய்வு நிதி தேடியபோது மனத்தில் தைத்த ஒரு சந்திப்பு: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

பண்ருட்டி சமூகவியல்

முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களைப் பற்றிய என் ஆய்வு முன்மொழிவு நேர்காணல் வரை போனது. கொட்டையின் ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலை அரிக்கும் என்பதும், அதைத் தாங்கிக்கொள்வதற்காகச் சாம்பலையோ விளக்கெண்ணெயையோ கையில் பூசிக்கொண்டு உடைக்கிறார்கள் என்பதும் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் கேட்க விரும்பியது அதற்கு அடுத்த கேள்வியை. விரல் நுனி தேய்ந்து, ரேஷன் கடைக் கருவியில் ரேகை பதியாமல் வீடு திரும்பும் பெண்ணுக்கு, கிலோக் கணக்கில் வாங்கும் கூலியும், மருத்துவமனைக்குப் போகும் துணிவும், வீட்டில் அவள் சொல்லுக்கு இருந்த மதிப்பும் எப்படி மாறுகின்றன என்பதே என் ஆய்வு.

நேர்காணல் குழுவில் இருந்த மூத்த பேராசிரியர் ஒருவர், நான் இணைத்திருந்த புகைப்படத்தைச் சிறிது நேரம் பார்த்தார். அது ஒரு பெண்ணின் வலக்கைப் பெருவிரல். நுனி முழுவதும் கருத்து, நகத்தின் ஓரம் வெடித்து, ரேகை இருக்க வேண்டிய இடம் வழவழப்பாக இருந்தது. அவர் அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இது தோல் டாக்டர் பார்க்க வேண்டியதும்மா, சோசியாலஜிக்கு இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டார். ரேஷன் கடையைப் பற்றி நான் சொல்லத் தொடங்குவதற்குள் அடுத்தவரை அழைத்துவிட்டார்கள்.

அதே முன்மொழிவைச் சற்றுத் திருத்தி, மருத்துவ ஆய்வுகளுக்கு நிதி தரும் இன்னோர் அமைப்புக்கு அனுப்பினேன். இது சமூகவியல் ஆய்வு என்பதால் தங்கள் வரம்புக்குள் வராது என்று பதில் வந்தது. இரண்டு கடிதங்களும் என்னிடம் இருக்கின்றன. சமூகத்துக்கும் உடல்நலத்துக்கும் இடையில் விழும் தலைப்பை வைத்துக்கொண்டு அலைந்தவர்கள் இங்கே வேறு யாரேனும் இருக்கிறீர்களா?

கோரிமேடு

சகோதரி, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனாலும் அந்தப் பேராசிரியரின் கேள்வியில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கேட்ட விதம் வேண்டுமானால் சரியில்லாமல் இருக்கலாம். முன்மொழிவைப் படிப்பவர் முதலில் பார்ப்பது யார் யார் சேர்ந்து செய்கிறார்கள் என்பதைத்தான். தோல் அழற்சியை அளந்து சொல்ல ஒரு தோல் மருத்துவர் இணை ஆய்வாளராக இருந்திருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

எனக்கு மறக்காமல் இருப்பது தேவனாம்பட்டினத்தில் நடந்தது. எம்பிபிஎஸ் படிக்கும்போது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) குறுகிய கால மாணவர் திட்டத்தில் சர்க்கரை நோயாளிகளின் பாதப் பராமரிப்பைப் பற்றிக் கேட்டு எழுதினேன். இரண்டு மாதத் திட்டம். அறிக்கை ஏற்கப்பட்ட பிறகுதான் உதவித்தொகை வரும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மீன் விற்கக் கிளம்பிக்கொண்டிருந்த ஓர் அம்மாவை உட்காரவைத்துக் கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பாதிப் படிவம் முடிந்திருக்கும். அவர் அன்னக்கூடையின் மேலிருந்த ஈரச் சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மீனு வாடிப்போவுது தம்பி, அந்தக் காசை நீ குடுப்பியா?" என்றார். எரிச்சலே இல்லாமல், விலை கேட்கிற குரலில் கேட்டார். எனக்குப் பதில் இல்லை, ஏனென்றால் எந்தத் தாளிலும் அவருடைய நேரத்துக்கென்று ஒரு ரூபாய் எழுதப்படவில்லை.

ஐசிஎம்ஆர் 2017இல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகள், ஆய்வில் பங்கேற்பவருக்கு ஏற்படும் பயணச் செலவையும் கூலி இழப்பையும் ஆய்வு முறையாக நடக்கிறதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு ஈடுசெய்யலாம் என்று தெளிவாகச் சொல்கின்றன. அப்போதிலிருந்து எந்த நிதிக்கு எழுதினாலும் செலவுப் பட்டியலில் அந்த வரியைத்தான் முதலில் எழுதுகிறேன். கிலோக் கணக்கில் கூலி வாங்கும் பெண்களை ஒரு மணி நேரம் பேசவைத்தால் எத்தனை கிலோ குறையும் என்று உங்கள் பட்டியலிலும் கணக்கிட்டு எழுதுங்கள்.

வில்லியனூர்

கோரிமேடு டாக்டர் சொன்னதில் கூலி இழப்பு பற்றிய பகுதியை முழுமையாக ஏற்கிறேன். இணை ஆய்வாளர் பற்றிய பகுதியை ஏற்க முடியவில்லை. ஆய்வுத் திட்டத்துக்கான நிதி வேறு, ஃபெல்லோஷிப் வேறு. முனைவர் பட்ட ஃபெல்லோஷிப் தனி ஒருவருக்குத் தரப்படுவது. நெறியாளர் உண்டு, இணை ஆய்வாளருக்கு அங்கே கட்டமே கிடையாது. எதற்கு விண்ணப்பித்தார் என்று கேட்காமலேயே பண்ருட்டித் தோழியின் முன்மொழிவில் குறை காண்பது நியாயமாக இல்லை. அதுவும் தவிர, நாள் முழுவதும் புறநோயாளிகளைப் பார்த்து முடிக்கும் ஒரு தோல் மருத்துவர், அறிமுகமில்லாத சமூகவியல் மாணவியின் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவார் என்று எதிர்பார்ப்பதும் கடினம்.

என் கதை சிறியது. தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் தேர்ந்தவர்களுக்குத் தரும் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர் ஃபெல்லோஷிப்) 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயாக உயர்ந்தது எல்லோருக்கும் தெரியும். அது தானாக வந்து கணக்கில் விழுவதில்லை. ஒவ்வொரு மாதமும் நிறுவனத்திலிருந்து 'மேக்கர்' ஒருவர் வலைத்தளத்தில் நம் பெயரை உறுதிசெய்ய வேண்டும். அதை 'செக்கர்' ஒருவர் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும். நான் படித்த இடத்தில் செக்கராக இருந்தவர் மாற்றலாகிப் போய்விட்டார். புதியவருடைய பெயரைப் பதிவுசெய்யும் கடிதம் மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருந்தது. அலுவலகத்தில் இருந்த அம்மையார் கணினித் திரையை என் பக்கம் திருப்பி, என் பெயருக்கு நேராக இருந்த வரியை விரலால் காட்டி, "நான் என் பக்கத்தை முடிச்சிட்டேன் தம்பி, பாருங்க" என்றார். அவர் சொன்னது உண்மை. அவருடைய வேலை முடிந்திருந்தது. வீட்டு வாடகை மட்டும் நின்றது.

நிலுவைத் தொகை பிறகு மொத்தமாக வந்தது. ஆனால் அந்த இடைவெளியில் கள ஆய்வை நிறுத்திவிட்டு, லாஸ்பேட்டையில் ஒரு பயிற்சி மையத்தில் பாடம் எடுத்தேன். ஃபெல்லோஷிப் கிடைத்துவிட்டால் பணக்கவலை தீர்ந்தது என்று நினைப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

பாகூர்

எங்கள் ஊர் புதுச்சேரியைச் சேர்ந்தது. சுற்றிலும் கடலூர் மாவட்டம். கல்லூரி தமிழ்நாட்டில், சாதிச் சான்றிதழ் புதுச்சேரியில். தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர், பழங்குடியினர் முழுநேர முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு இலட்சம் ரூபாய் ஊக்கத்தொகை இருக்கிறதே, அதற்கான விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு போனேன். அலுவலர் நல்லவர். எல்லாத் தாள்களையும் வரிசையாக அடுக்கிப் பார்த்தார், என் மதிப்பெண்களைப் பாராட்டினார். கடைசியில் சான்றிதழில் இருந்த முத்திரையின் மேல் விரலை வைத்து, "இது நம்ம கவர்மென்ட் இல்லையேம்மா" என்றார். அந்த விரல் முத்திரையை விட்டு நகரவே இல்லை. என்னோடு ஒரே பேருந்தில் வந்து, ஒரே ஆய்வகத்தில் உட்காரும் தோழிக்கு அந்தத் தொகை கிடைத்தது. அவள் வீடு எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில்தான் இருக்கிறது.

மாநில நிதி மாநிலத்தவருக்கு என்ற விதியை நான் குறை சொல்லவில்லை. விண்ணப்பிக்கும் முன் இதை எங்களைப் போன்ற எல்லை ஊர்க்காரர்களுக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை என்பதுதான் என் ஆதங்கம். எல்லையைப் பார்க்காத நிதி மத்திய அரசினுடையது. பட்டியலினத்தவருக்கான தேசிய ஃபெல்லோஷிப் நெட் மதிப்பெண் பட்டியலிலிருந்து தேர்வுசெய்வது. புதுச்சேரிச் சான்றிதழே போதும். வெளிநாட்டில் படிக்க நினைக்கும் தங்கை தம்பிகள் ஒன்றைக் கவனியுங்கள். தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகையில் 2022 முதல் இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியாவை மையமாகக் கொண்ட சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்கு இடமில்லை. நம் ஊர்த் தீண்டாமையைப் பற்றி இலண்டனில் ஆராய்வதற்கு அந்தப் பணம் வராது. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஓராண்டு தயாரானவர்களை எனக்குத் தெரியும்.

திருப்பாதிரிப்புலியூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்

பிள்ளைகளே, எல்லாவற்றையும் படித்தேன். என் அனுபவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை என் மாணவர் ஒருவருடைய விண்ணப்பம், இணையத்தில் முழுமையாகப் பதிவேற்றப்பட்ட பின்னும் கருத்தில் கொள்ளப்படவில்லை. நிறுவனத் தலைவர் கையொப்பமிட வேண்டிய பரிந்துரைக் கடிதம் நாள் கடந்து போய்ச் சேர்ந்ததே காரணம். கையொப்பமிட வேண்டியவர் வெளியூரில் இருந்தார். அந்த மாணவர் பிறகு ஆய்வை விட்டுவிட்டு வங்கி வேலைக்குப் போனார். நல்ல மாணவர்.

இனி நான் சொல்வதை யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்ல வேண்டியது என் கடமை. அறிவிப்பு வந்த பிறகு கோப்பைத் திறப்பவருக்கு ஆய்வு நிதி கிடைப்பது அரிது. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பிஎச்டி பதிவுக் கடிதம், நெறியாளரின் ஒப்புதல், நெறிமுறைக் குழுவின் அனுமதி ஆகியவற்றில் கடைசியாகச் சொன்னதுதான் அதிக நாள் எடுக்கும். மனிதர்களின் உடல்நலம் பற்றிய கேள்வி ஒன்றாவது உங்கள் படிவத்தில் இருந்தால், சமூகவியலாக இருந்தாலும் அந்த அனுமதிக்கு இப்போதே விண்ணப்பியுங்கள்.

வயதைக் கணக்கில் வையுங்கள். ஜேஆர்எஃப்புக்கு வரம்பு 30; பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் ஐந்து ஆண்டு தளர்வு உண்டு. 1969இல் தொடங்கிய இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎஸ்எஸ்ஆர்) தரும் முனைவர் பட்ட ஃபெல்லோஷிப்புக்கு 40 வரை விண்ணப்பிக்கலாம், பட்டியலினத்தவருக்கு 45. நெட் எழுதி ஜேஆர்எஃப் கிடைக்காதவர்கள், வேலைக்குப் போய்விட்டு ஆய்வுக்குத் திரும்பும் பெண்கள் ஆகியோர் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தொகை குறைவு என்று ஒதுக்காதீர்கள்.

பண்ருட்டி மகளுக்கு ஒரு சொல். மருத்துவ நிதி மருத்துவருக்கு மட்டுமே என்பது சரியன்று. ஐசிஎம்ஆர் தானே நடத்திவந்த ஜேஆர்எஃப் தேர்வில் 150 இடங்களில் 30 சமூக அறிவியலுக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. கோரிமேட்டிலேயே, 1975இல் தொடங்கிய நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தில், கொசுவை ஆராய்ந்தவர்கள் யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டில் மக்களின் பங்கேற்பையும் சேர்த்தே ஆராய்ந்தார்கள். ஒரே தலைப்பை இரண்டு இடங்களுக்கு அனுப்பும்போது ஆய்வின் மையக் கேள்வியையே மாற்றி எழுத வேண்டும். சமூக அறிவியல் அமைப்புக்குப் பெருவிரலின் படத்தைவிட ரேஷன் கடை வாசலும் கூலிப் புத்தகமும் முன்னால் வர வேண்டும். மருத்துவ அமைப்புக்கு எத்தனை பேருக்கு அழற்சி, எந்தப் பூச்சு பயன்படுகிறது என்பது முன்னால் வர வேண்டும்.

புத்தகம் தேடுவோர் புதுச்சேரி செயின்ட் லூயி வீதியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் நூலகத்துக்குப் போய்ப் பாருங்கள். 1955இலிருந்து சேர்த்தது அங்கே இருக்கிறது. பதிவுக் கட்டணம் கட்டினால் ஃபெல்லோஷிப் உறுதி என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளை நம்பி ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். வந்த பணத்துக்குச் செலவுச் சான்றிதழை (யூசி) அந்தந்த ஆண்டே முடித்து அனுப்புங்கள். யூசி போகாமல் அடுத்த தவணை வராது.

லாஸ்பேட்டை

ஐயா, உங்கள் அறிவுரை பயனுள்ளது. ஆனால் எல்லாம் மாணவர் கையில் இருப்பதுபோல எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லாத இடமும் உண்டு.

கடற்கரைக் கிராமங்களில் பெண்களின் மனநலம் பற்றிய ஓர் ஆய்வில் களப்பணியாளராக இருந்தேன். வெளிநாட்டு நிதி ஒரு பெரிய தொண்டு நிறுவனத்துக்கு வந்து, அங்கிருந்து எங்கள் சிறிய அமைப்புக்கு வந்துகொண்டிருந்தது. 2020இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தினார்கள். பெற்ற நிதியை இன்னோர் அமைப்புக்குக் கைமாற்றக் கூடாது என்றாகிவிட்டது. எங்கள் ஒருங்கிணைப்பாளர் அக்கா அந்த மின்னஞ்சலைக் களப்பணியாளர் எல்லோரையும் தரையில் உட்காரவைத்து வாசித்தார். ஆங்கிலத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி என்று போனது. பாதியில் நிறுத்திவிட்டு, "அடுத்த மாசம் சம்பளம் இல்லைன்னு அர்த்தம்" என்று சொல்லிக் கைப்பேசியை மடியில் வைத்தார். நாங்கள் செய்ததில் எந்தக் குறையும் இல்லை. நேர்காணல் செய்த பெண்களில் பலருக்கு அடுத்த சந்திப்புக்கு வருவதாகச் சொல்லியிருந்தோம். நான் சிலரிடம் என் சொந்தச் செலவில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். எல்லோரிடமும் போக முடியவில்லை. இன்றும் வழியில் யாரையாவது பார்த்தால், "ஏன் வரலை?" என்று கேட்கிறார்கள்.

ஆய்வில் சேரும் தம்பி தங்கைகள், பணம் எந்த வழியாக வருகிறது, நின்றால் களத்தில் இருப்பவர்களுக்கு யார் பதில் சொல்வது என்பதைச் சேருவதற்கு முன்பே கேளுங்கள்.

பண்ருட்டி சமூகவியல்

எல்லோருக்கும் நன்றி. வில்லியனூர் அண்ணன் கேட்டதற்கு விளக்கம்: நான் நேர்காணலுக்குப் போனது ஃபெல்லோஷிப்புக்குத்தான், மருத்துவ அமைப்புக்கு அனுப்பியது சிறிய ஆய்வுத் திட்டம். ஆகவே டாக்டர் சொன்னது இரண்டாவதற்குப் பொருந்தும், முதலாவதற்குப் பொருந்தாது.

ஐயா, கேள்வியை மாற்றி எழுதச் சொன்னீர்கள். ரேஷன் கடையை முன்னால் வைத்து ஒரு வடிவம் எழுதத் தொடங்கிவிட்டேன். ஆனாலும் அந்தப் படத்தை எடுக்கப்போவதில்லை. அந்த அக்கா, "எல்லாருக்கும் காட்டு" என்று சொல்லித்தான் கையை நீட்டினார்.

கோரிமேடு டாக்டரிடம் ஒரு வேண்டுகோள். முந்திரி உடைக்கும் இடங்களுக்கு ஒரு நாள் வந்து கைகளைப் பார்த்துத் தர மனமுள்ள தோல் மருத்துவர் உங்களுக்குத் தெரிந்தவர்களில் இருந்தால் தனிச் செய்தியில் சொல்லுங்கள். கொட்டை வரத்து அதிகமாக இருக்கும் கோடை மாதங்களில் வந்தால் நல்லது. அவருடைய பயணச் செலவையும், அன்று உட்கார்ந்து கையைக் காட்டும் பெண்களின் கூலியையும் செலவுப் பட்டியலில் எழுதிவிட்டேன்.